21 நாள் தண்ணீர் உபவாசம் இருந்தால்தான் ஜெபம் கேட்கப்படுமா?

#1 · பிப்ரவரி 9, இரவு 9.40

மாற்கு 9:29-ல் தெளிவாக இருக்கிறது: சில காரியங்கள் ஜெபத்தோடு உபவாசமும் சேர்ந்தால்தான் நடக்கும். பெரிய விண்ணப்பத்துக்குப் பெரிய உபவாசம், அவ்வளவுதான். ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவதெல்லாம் உபவாசத்தில் சேராது. 21 நாள், தண்ணீர் மட்டும். இது வேதத்துக்கு விரோதம் என்றால் காட்டுங்கள். விரோதம் இல்லை என்றால், எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 · பிப்ரவரி 9, இரவு 10.25

முதலில் அந்த 21. அது தானியேல் 10:2-3-லிருந்து வருகிறது. மூன்று வாரம் தானியேல் துக்கித்திருந்தான்; ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் இவற்றைத் தொடவில்லை, எண்ணெய் பூசிக்கொள்ளவில்லை. தண்ணீர் மட்டும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை. சாப்பிட்டான், ருசியில்லாததைச் சாப்பிட்டான். காய்கறியும் தண்ணீரும் என்பது முதல் அதிகாரக் கதை. அது பத்து நாள் சோதனை, ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படாமல் இருக்க எடுத்த முடிவு. பத்து நாள் கழித்து முகம் களையாகவும் உடல் புஷ்டியாகவும் இருந்ததாம்! இந்த இரண்டையும் ஒன்றாக்கி, மேலே தண்ணீரை ஊற்றினால் உங்கள் 21 நாள் கிடைக்கும்.

வேதத்தில் மிகவும் சாதாரணமான உபவாசம் ஒரு பகல், சாயங்காலம் மட்டும் (நியாயாதிபதிகள் 20:26, 2 சாமுவேல் 1:12). எஸ்தர் 4:16 மூன்று நாள், தண்ணீரும் இல்லை. ஆனால் 5:1-ல் மூன்றாம் நாளிலேயே அவள் ராஜாவின் முன் நிற்கிறாள், ஆகவே முழு 72 மணி நேரம் ஆகியிருக்காது. யாபேஸ் ஊரார் சவுலுக்காக ஏழு நாள். நாற்பது என்பது மோசே, எலியா, இயேசு மூவருக்கு மட்டும். மோசே தண்ணீரும் குடிக்கவில்லை (யாத்திராகமம் 34:28). மனித உடல் அதைத் தாங்காது. அற்புதமாகச் சொல்லப்பட்டதை அட்டவணையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

#3 · பிப்ரவரி 10, காலை 6.50

மாற்கு 9:29 பற்றி. "உபவாசத்தினாலும்" என்ற சொல் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதிகளில் இல்லை. நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியில் இல்லை. அதே நூற்றாண்டின் சீனாய் பிரதியில் முதலில் எழுதியவர் எழுதவில்லை, பிறகு திருத்தியவர் சேர்த்திருக்கிறார். இதே வார்த்தை வரும் மத்தேயு 17:21 என்ற வசனத்தையே அந்த இரண்டிலும் முதலில் எழுதியவர்கள் எழுதவில்லை; சீனாய் பிரதியில் அதையும் பிறகு திருத்தியவர்தான் சேர்த்திருக்கிறார். 1 கொரிந்தியர் 7:5-லும் அப்போஸ்தலர் 10:30-லும் உபவாசம் வருவது இதே மாதிரி சிக்கலுக்குரிய இடம். புதிய மொழிபெயர்ப்புகள் அடிக்குறிப்பில் தள்ளுவது அதனால்தான்.

#4 · பிப்ரவரி 10, காலை 8.05

அப்படியானால் உபவாசமே வேண்டாம் என்கிறீர்களா? பழைய வேதாகமம் வாசிக்கிற நாங்கள் எல்லாம் ஏமாந்தோமா?

#5 · பிப்ரவரி 10, மதியம் 1.10

யாரும் ஏமாறவில்லை, சகோதரரே. பிற்காலப் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் அந்தச் சொல் இருக்கிறது. ஜெபத்தையும் உபவாசத்தையும் இணைபிரியாமல் கடைப்பிடித்த காலத்தவர்கள் படியெடுத்தார்கள். உபவாசம் அந்த ஒரு வசனத்தை நம்பி நிற்கவில்லை. மத்தேயு 6:16-ல் "நீங்கள் உபவாசிக்கும்போது" என்றுதான் தொடங்குகிறது. உபவாசிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே பேச்சு போகிறது. அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்து பர்னபாவையும் சவுலையும் அனுப்பியது (அப்போஸ்தலர் 13:2-3). மூப்பர்களை ஏற்படுத்தும்போதும் அப்படியே (14:23).

ஒரு விஷயம் கவனியுங்கள். "உபவாசத்தினாலும்" என்ற சொல் உள்ள பிரதிகளையே வைத்துக்கொண்டாலும், மாற்கு 2:18-19-ல் மணவாளன் கூட இருக்கும்வரை சீஷர்கள் உபவாசிக்க மாட்டார்கள் என்று இயேசுவே சொல்லியாயிற்று. 9-ம் அதிகாரத்தில் அவரும் 21 நாள் போய் உபவாசித்துவிட்டு வந்து, ஆவி பிடித்த அந்தப் பிள்ளையைக் குணமாக்கவில்லை. ஆகவே அந்த வசனத்திலிருந்து இத்தனை நாளுக்கு இன்ன பலன் என்ற கணக்கு எப்படிப் பார்த்தாலும் வராது.

#6 · பிப்ரவரி 10, இரவு 11.30

#1 கேட்ட இரண்டாம் பாதிக்கு: எப்படித் தொடங்குவது.

பழக்கமில்லாதவர் முதல் வாரம் ஒரு வேளை மட்டும் விடட்டும். அடுத்தது 24 மணி நேரம். இரவு உணவு முடித்து மறுநாள் இரவு உணவு வரை. விடுவது இரண்டே வேளை, காலையும் மதியமும். இதை வாரம் ஒருமுறை என்று ஒரு மாதம் ஒழுங்காகச் செய்யாதவர் மூன்று நாளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 36 மணி நேரம் (இரவிலிருந்து மறுமறுநாள் காலை வரை) அதற்குப் பிறகுதான்.

முந்தின இரவு வயிறு முட்டச் சாப்பிடுவது பலரும் செய்வது. பலன் நேர்மாறு: மறுநாள் காலை பசி கூடுதலாகத்தான் இருக்கும். உப்பும் இனிப்பும் குறைத்து, நார்ச்சத்துள்ளதாக, வழக்கமான அளவே சாப்பிடுங்கள்.

காபி, தேநீர் தினம் குடிப்பவர்கள் 5 முதல் 7 நாள் முன்பிருந்தே அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதைச் சத்துருவின் போராட்டம் என்று கடிந்துகொள்கிறவர்கள் உண்டு. கடிந்துகொண்டால் போகாது, அது கஃபீன்.

தண்ணீர் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக, மொத்தம் 2 லிட்டர் அளவில். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். முதல் சில நாளில் உடல் சிறுநீர் வழியாக உப்பை அதிகம் வெளியேற்றும். முழங்காலிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவது அதனால்தான். மெதுவாக எழுந்திருங்கள், ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நில்லுங்கள்.

இனி முக்கியமானது. விட்ட வேளை எங்கே போகிறது? சமைக்க, உண்ண, கழுவ ஆகும் நேரம் இரண்டு வேளைக்குச் சேர்த்து இரண்டு மணி நேரமாவது வரும். அதை முந்தின நாளே எழுதி வையுங்கள். காலை 30 நிமிடம்: ஒரு சங்கீதம் வாய்விட்டு, பிறகு அறிக்கை. மதியம் 45 நிமிடம்: ஒரே ஒரு விண்ணப்பம், பெயர் சொல்லி. மாலை 20 நிமிடம்: பேசாமல் இருப்பது, கடைசியில் நன்றி. பசி தொடர்ந்து ஏறிக்கொண்டே போகாது; வழக்கமான உணவு வேளையில் எழும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். அந்த எழுச்சி வருகிற நேரமும் ஜெப நேரமும் ஒன்றாக இருக்கும்படி வைத்தால் பசியே மணி அடித்துக் கூப்பிடும். இந்த ஏற்பாடு இல்லாத உபவாசத்தில் என்ன நடக்கிறது என்றால், அந்த இரண்டு மணி நேரமும் கைப்பேசிக்குப் போய்விடுகிறது.

#7 · பிப்ரவரி 11, காலை 7.15

#6-க்குச் சேர்க்க வேண்டியது: யார் தொடங்கவே கூடாது.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். சாப்பிடாமல் அந்த மருந்தை எடுத்தால் சர்க்கரை தாழும். எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் என்ற வேறு வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு விதம்: சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம், வாந்தியும் மூச்சிரைப்பும் வந்த பிறகுதான் தெரியும். சிறுநீரை அதிகம் போகச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரை, லித்தியம் (மனநல மருந்து), வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், உணவுக் கோளாறு எப்போதாவது இருந்தவர்கள், இவர்களுக்கு உணவை விடும் உபவாசமே வேண்டாம். கவுட் என்ற மூட்டு நோய் இருப்பவர்களுக்கு யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கலாம்.

மாத்திரையை "விசுவாசத்தோடு" நிறுத்துவது உபவாசத்தின் பகுதி அல்ல. மருந்து உணவு அல்ல.

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் அந்த நிமிடமே முறியுங்கள்: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, குழப்பமான பேச்சு வந்தாலும் அப்படியே. ஜெபத்தை முடித்துவிட்டு என்று தள்ளாதீர்கள்.

#8 · பிப்ரவரி 11, காலை 9.00

வேதத்தில் மிக உறுதியான உபவாச சபதம் எது தெரியுமா? அப்போஸ்தலர் 23:12. பவுலைக் கொல்லும்வரை உண்பதுமில்லை குடிப்பதுமில்லை என்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சபதம் செய்தார்கள். பவுல் அதற்குப் பிறகும் பல ஆண்டு உயிரோடிருந்தார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று லூக்கா எழுதவில்லை.

#9 · பிப்ரவரி 11, காலை 9.20

யேசபேலை விட்டுவிட்டீர்களே. நாபோத்தைக் கொல்ல அவள் முதலில் அறிவித்ததே உபவாசம்தான் (1 இராஜாக்கள் 21:9). அறிவிப்பு வந்ததாலேயே பரிசுத்தம் ஆகிவிடாது.

#10 · பிப்ரவரி 11, இரவு 8.45

சிரிப்பு போதும். நடுவில் முறித்தால் பொருத்தனை மீறிய பாவம் ஆகாதா? 21 என்று தேவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு 6-ம் நாள் சாப்பிட்டால்?

#11 · பிப்ரவரி 11, இரவு 9.30

அதனால்தான் வாக்காகக் கொடுக்காதீர்கள் என்பது. "இத்தனை நாள் இருக்க நினைக்கிறேன், உடல் தடுத்தால் முடித்துவிடுவேன்" என்று தொடக்கத்திலேயே ஜெபத்தில் சொல்லிவிடுங்கள். 1 சாமுவேல் 14-ஐப் பாருங்கள்: யுத்த நாளில் சாயங்காலம்வரை சாப்பிடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் ஆணையிட்டான். ஜனங்கள் விடாய்த்துப் போனார்கள். அறியாமல் தேனைத் தொட்ட யோனத்தானின் கண்கள் தெளிந்தன. "என் தகப்பன் தேசத்தைக் கலக்கப்படுத்தினார்" என்றான். சாயங்காலம் பசி தாங்காத ஜனங்கள் மாம்சத்தை இரத்தத்தோடேயே தின்றார்கள். அளவு தெரியாத உபவாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கிறது.

பெரிய விண்ணப்பம், பெரிய உபவாசம் என்றீர்கள். 2 சாமுவேல் 12. தாவீது பிள்ளைக்காக உபவாசித்தான், தரையில் கிடந்தான். ஏழாம் நாள் பிள்ளை இறந்தது. எழுந்தான், குளித்தான், ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான், வந்து சாப்பிட்டான். இன்னும் பதினாலு நாள் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. மறுபக்கம் எஸ்றா 8:21-23: வழிப்பயணத்துக்காக உபவாசித்துக் கேட்டார்கள், தேவன் கேட்டருளினார். கேட்பதற்காக உபவாசிப்பது சரிதான். விலையாகக் கட்டுவது சரியில்லை.

#12 · பிப்ரவரி 12, காலை 6.30

முடிப்பதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. நீண்ட உபவாசத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதுதான்.

நாள்கணக்கில் சாப்பிடாதபோது உடலில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் இருப்பு கரைந்திருக்கும். இரத்தச் சோதனையில் மட்டும் அளவு சரியாகவே காட்டலாம். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எழும், இந்த உப்புகளை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு சரியும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும், கால் வீங்கும். முதல் சில நாட்களுக்குள் வரும். இரண்டாம் உலகப் போர் முடிவில் விடுவிக்கப்பட்ட பட்டினிக் கைதிகளில் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்தது இப்படித்தான்.

24 மணி நேரம் இருந்தவருக்கு எதுவும் விசேஷமாக வேண்டாம். பாதி அளவு சாப்பிட்டு அரை மணி பொறுத்து மீதி. மூன்று நாள் இருந்தவர்: முதல் நாள் வழக்கத்தில் பாதி, அதையும் மூன்று மணிக்கு ஒருமுறை சிறு பங்காக. இனிப்பும் பழச்சாறும் முதல் உணவாக வேண்டாம். வேகவைத்த காய்கறி, தயிர், முட்டை மாதிரி. ஐந்து நாளுக்கு மேல் என்றால் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் சொல்வதன்படியே ஆபத்து வரம்பு. முதல் இரண்டு நாள் உடலுக்குத் தேவையானதில் பாதியைத் தாண்டக் கூடாது. பத்து நாளுக்கு மேல் போனவர் வீட்டில் முடிக்கவே கூடாது. தயாமின் (வைட்டமின் பி1) முதலில், இரத்தச் சோதனை பார்த்துப் பார்த்து உணவு, இது மருத்துவமனை வேலை.

21 நாள் தண்ணீர் உபவாசத்தின் கடைசி நாள் விருந்து வைப்பது பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

#13 · பிப்ரவரி 12, மதியம் 2.00

"ஒரு வேளையை விடுவதெல்லாம் உபவாசத்தில் சேராது" என்ற #1-ன் வரிக்கு ஒரு கத்தோலிக்கப் பதில். எங்கள் ஒருசந்தி அதுதான்: ஒரு முழு உணவு, மற்ற இரண்டு வேளை சிறிதளவு. 1966-ல் ஆறாம் பவுல் திருத்தந்தை ஒழுங்கு செய்தது. இன்றைய திருச்சபைச் சட்டப்படி (1983) 18 வயது நிறைந்ததிலிருந்து 60-ம் வயது தொடங்கும்வரை ஒருசந்தி, 14 வயது நிறைந்ததிலிருந்து சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. உலகத் திருச்சபை முழுவதற்கும் கட்டாய ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் இருப்பதற்கு ஒரு எடை உண்டு.

தவக்காலத்தில் 40 எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்கு: திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள், அதில் ஞாயிறு ஆறு. ஞாயிற்றுக்கிழமை உபவாச நாள் அல்ல, உயிர்ப்பின் நாள்.

#14 · பிப்ரவரி 12, மாலை 6.15

கிழக்குச் சபைகளில் வேறு வழி. பெரிய நோன்பில் (தவக்காலத்தில்) இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை; சாப்பிடும் வேளையைவிட சாப்பிடும் பொருளில்தான் கட்டுப்பாடு. புதன், வெள்ளி ஆண்டு முழுக்க. எத்தியோப்பிய சபையில் எல்லாருக்கும் கட்டாயமான நோன்பு நாட்களே ஆண்டில் பாதிக்கு அருகே வரும். புதனும் வெள்ளியும் புதிதில்லை: டிடாக்கே என்ற ஆதிச் சபைக் கையேட்டின் 8-ம் அதிகாரமே சொல்கிறது, மாயக்காரர் திங்கள், வியாழன் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதன், வெள்ளி இருங்கள் என்று. நாளை மாற்றியதால் மட்டும் மாயம் போய்விடுமா என்று அந்தக் கையேட்டை எழுதியவரைக் கேட்க ஆசை.

#15 · பிப்ரவரி 12, இரவு 10.40

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். 1522-ல் சூரிச்சில் தவக்காலத்தில் அச்சகக்காரர் ஃபிரோஷவர் வீட்டில் தொத்திறைச்சி வெட்டிப் பரிமாறினார்கள். அந்த நகரின் சீர்திருத்தப் போதகர் சுவிங்லி உடனிருந்தார், சாப்பிடவில்லை. பிறகு உணவைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் பற்றிப் பிரசங்கித்தார். சுவிஸ் சீர்திருத்தம் அங்கே சூடுபிடித்தது. ஆனால் சீர்திருத்தவாதிகள் உபவாசத்தையே எறிந்துவிட்டார்கள் என்பது பாதி உண்மை. கால்வின் மூன்று நோக்கம் சொல்கிறார்: மாம்சத்தை அடக்க, ஜெபத்துக்கு ஆயத்தமாக, தேவன் முன் தாழ்மைக்கு அடையாளமாக. கட்டாயத்தையும் புண்ணியக் கணக்கையும்தான் எதிர்த்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி ஆக்ஸ்போர்டு நாட்களில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிவரை இருந்தார்.

#16 · பிப்ரவரி 13, காலை 7.00

#6-ஐ மறுபடி படித்தேன். 30, 45, 20 என்று நிமிடம் பிரித்தது உதவியாக இருக்கும், ஆனால் இறுக்கமாகப் பிடித்தால் ஜெபமே வேலைப் பட்டியல் ஆகிவிடும். குறைந்தது ஒன்றைப் பிடியுங்கள்: மதிய வேளை, ஒரே விண்ணப்பம். மற்றவை நழுவினாலும் பரவாயில்லை.

இன்னொன்று விடுபட்டது: மிச்சமான உணவின் பணம். இரண்டாம் நூற்றாண்டின் ஹெர்மாஸ் நூலில் (ஐந்தாம் உவமை) வழிமுறையே இருக்கிறது. அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுக்கும் நாளில், வழக்கமாக உண்டிருக்கும் உணவின் விலையைக் கணக்கிட்டு, விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவனுக்கோ கொடு. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்னும் ஏசாயா 58:7 நடைமுறைக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும். கணக்கை உபவாசத்துக்கு முன்பே போட்டு, பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு கணக்குப் போட்டால் தொகை எப்படியோ சின்னதாகிவிடும்.

அதே அதிகாரம் 58:4 வழக்குக்கும் சண்டைக்கும் உபவாசிக்கிறவர்களைப் பற்றியது. பசியில் எரிச்சல் வருவது உடலின் இயல்பு; அதை வீட்டாரிடம் கொட்டுவதைத்தான் அங்கே கண்டிக்கிறார். முதல் இரண்டு நாளில் கடினமான பேச்சு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

#17 · பிப்ரவரி 13, இரவு 9.10

மத்தேயு 6-ன்படி யாருக்கும் தெரியக் கூடாது என்றால் கூட்டு உபவாசம் எப்படி சரியாகும்?

#18 · பிப்ரவரி 13, இரவு 9.50

யோவேல் 2:15-ல் எக்காளம் ஊதி அறிவிக்கிறார்கள், நெகேமியா 9-ல் ஜனமே கூடுகிறது. எல்லாரும் இருப்பதில் ஒருவர் மட்டும் தெரிவதற்கு வழியில்லை. தனியாளின் வாடிய முகம்தான் அங்கே பிரச்சினை. ஆனால் எத்தனாவது நாள் என்று தினமும் குழுவில் எண்ணிக்கை போடுவது... அதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஒருவருக்குத் தெரியத்தான் வேண்டும்: வீட்டில் கூட இருப்பவருக்கு. மயங்கி விழுந்தால் என்ன காரணம் என்று சொல்ல ஆள் வேண்டும்.

#19 · பிப்ரவரி 14, காலை 8.20

சரி. 21 நாள் தண்ணீரை விட்டுவிட்டேன். தானியேல் 10 மாதிரி எளிய உணவோடு மூன்று வாரம், அதில் வாரம் ஒருநாள் 24 மணி நேரம், பணம் முன்பே எடுத்து வைக்கிறேன். கடைசியாக இரண்டு: உபவாச நாளில் திருவிருந்து எடுத்தால் முறியுமா? பல் துலக்கலாமா?

#20 · பிப்ரவரி 14, காலை 9.05

முதல் கேள்வி பழையது. ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஜெபத்தைப் பற்றி எழுதியதிலேயே இது வருகிறது: கர்த்தரின் சரீரத்தை வாங்கினால் உபவாசம் முறியும் என்று சிலர் விலகினார்கள்; வாங்கி வைத்துக்கொண்டு பிறகு உட்கொண்டால் இரண்டும் நிறைவேறுமே என்றார். இன்று பெரும்பாலான சபைகளில் முறியாது என்பதே நடைமுறை. கத்தோலிக்கருக்குக் கேள்வி தலைகீழ், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமை. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. 1953 வரை நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் இருந்தார்கள்.

பல் துலக்குங்கள், நாக்கையும். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் இருப்பவருக்கு உடல் கொழுப்பை எரிப்பதால் வாயில் வரும் கீட்டோன் வாடை பக்கத்தில் முழங்காலிடுபவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். மத்தேயு 6-ன்படி அவருக்குத் தெரியக் கூடாது.